ஆறு மாதம் கெடாது

மூடியைத் திருகியதும் வந்த வாசனையிலேயே டோரதிக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிலில் பெயர் இல்லை, லேபிள் இல்லை. சோதனைக்கூடத்துக்கு வருகிற எல்லா மாதிரிகளையும் போல வரவேற்பில் ஒட்டிய எண் மட்டும்தான் இருந்தது. வெங்காயத் தொக்கு, முந்நூறு கிராம், ஆறு பாட்டில். ஆனால் வெந்தயத்தைக் கசப்பு ஏறுவதற்கு ஒரு நொடி முன்னால் வரைக்கும், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்துப் பொடிக்கிற தொக்கு அவளுக்குத் தெரிந்து பெங்களூரில் ஒரே ஒரு கம்பெனியில்தான் உண்டு. அந்த வறுவல் பக்குவத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளே அவள்தான். பீன்யா தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடம் இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டிபன் டப்பாவையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போகச் சொல்லப்பட்டவள்.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மேலே எண்ணெய் ஒரு விரல்கனம் நிற்க வேண்டும். இதில் மெல்லிய படலமாகத்தான் இருந்தது. கண்ணாடி ஓரத்தில் எண்ணெய்க்குப் பதிலாக நீர் கசிந்து நின்றது. வெங்காயம் வெளுப்பாக இருந்தது. உப்பும் வெல்லமும் குறைந்த தொக்கு அப்படித்தான் இருக்கும். முதலாளி மறுபடியும் அதையே செய்திருக்கிறான் என்று நினைத்தாள். பயம் வரவில்லை. நெடுநாள் தேடிய ஆள் எதிர்ச்சாரியில் நடந்து போவதைப் பார்த்தது போல இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பும் இதே தொக்குதான். கம்பெனி முதலாளி நாகேஷ் அப்போதுதான் அப்பாவிடமிருந்து பொறுப்பை எடுத்திருந்தான். நாற்பது வயது, எப்போதும் வெள்ளைச் சட்டை, தமிழும் கன்னடமும் கலந்து சிரித்துச் சிரித்துப் பேசுவான். உப்பு பாதி, வெல்லம் பாதி, எண்ணெய் பாதி, ரசாயனம் எதுவும் கிடையாது, ஆறு மாதம் கெடாது என்று லேபிள் அச்சடித்துக்கொண்டு வந்து அவள் மேஜைமேல் வைத்தான்.

"சார், உப்பு ருசிக்கு மட்டும் இல்ல" என்று டோரதி சொன்னாள். "ஈஸ்ட் வளர தண்ணி வேணும். தொக்குல தண்ணி இருக்கு, ஆனா உப்பும் வெல்லமும் அதக் கெட்டியா புடிச்சு வெச்சிருக்கு. கிருமிக்குக் குடிக்கக் கெடைக்காது. நீங்க அந்தப் பிடிய விடச் சொல்றீங்க. ஒண்ணக் கொறைச்சா இன்னொண்ணக் கூட்டணும். கெடாம இருக்கப் போடற பென்சோயேட்டும் வேணாம், வெல்லமும் வேணாம்னா எப்டி சார்?"

"சும்னே பயப்படுறீங்க டோரதி. ஜனங்க இப்போ பாட்டிலோட முதுகப் படிச்சுதான் வாங்கறாங்க. புளி இருக்குல்ல? அது பாத்துக்கும்."

புளி பாக்டீரியாவைப் பார்த்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்குப் புளி ஒரு பொருட்டே இல்லை. இதையும் சொன்னாள். நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் வாயால்தான் சொன்னாள்.

ஏப்ரல் மாதத்தில் தகரக் கூரை போட்ட ஸ்டோரில் பாட்டில்கள் உப்பத் தொடங்கின. யாரும் கவனிப்பதற்கு முன்னால் ஒன்று வெடித்தது. பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அய்யாவு என்கிற தர்மபுரிக்காரரின் இடது கண்ணில் கண்ணாடிச் சில் இறங்கியது. அவர் அலறவில்லை என்பதுதான் டோரதிக்கு இன்றும் மறக்காதது. முகத்தில் தொக்கு வழிய, கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "மேடம், எரியுது மேடம்" என்று மட்டும் சொன்னார். மிளகாய்தான் எரிகிறது என்று அவரும் நினைத்தார், அவளும் நினைத்தாள்.

பத்து நாளில் கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. தொழிலாளி சுத்தமில்லாத கையோடு வேலை செய்ததாலும், தரக்கட்டுப்பாட்டு அலுவலரின் கவனக்குறைவாலும் சரக்கு கெட்டது என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. மூடிய பாட்டிலுக்குள் கை எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கன்னடம் படிக்கத் தெரியாத அய்யாவு, ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, அதன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி லீவுக்கான பேப்பர் என்று சொன்னார்களாம். டோரதி, தான் எச்சரித்ததாகச் சொன்னாள். "எங்க? காட்டுங்க" என்றான் நாகேஷ். காட்ட ஒன்றுமில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிறர் செய்த தீங்கைப் பொறுக்கிறோம் என்கிற இடம் ஜெபத்தில் வரும்போது அவள் வாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் கணவன் சிரில் முதலில் எல்லாம் திரும்பிப் பார்த்தான். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான்.

இப்போது அந்தத் தொக்கு அவள் மேஜைக்கே வந்திருக்கிறது. கூட வந்த படிவத்தில் நாலு சோதனைதான் கேட்டிருந்தார்கள்: மொத்தக் கிருமி எண்ணிக்கை, ஈஸ்ட்டும் பூஞ்சையும், மலக்கிருமி, புளிப்பின் அளவு. எத்தனை நாள் தாங்கும் என்கிற சோதனையைக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கிருமி வளர்க்கிற தட்டுகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். சுடச்சுட நிரப்பிய புதுச்சரக்கு அப்படித்தான் வரும். ஈஸ்ட் என்கிற கட்டத்தில் பத்துக்கும் குறைவு என்று எழுதினாள். பத்துக்கும் குறைவு என்றால் பூஜ்யம் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். கிராமுக்கு ஒன்று என்றால்கூட ஒரு பாட்டிலில் முந்நூறு. முந்நூறும் பசியோடு, குடிக்கத் தண்ணீரோடு, கோடைகாலத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

யாரும் கேட்காமலே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிருமிக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்கிற வாட்டர் ஆக்டிவிட்டியைப் பார்க்கும் கருவியில் ஒரு கரண்டித் தொக்கை வைத்து மூடினாள். புள்ளி தொண்ணூற்று நாலு. அவள் காலத்துத் தொக்கு புள்ளி எண்பத்தைந்தைத் தாண்டாது. அந்த எண்ணைப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ இனித்தது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கேட்ட சோதனைக்கு உண்மையான விடையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். மீதியை உப்புக் குறைந்த தொக்கு தானே பார்த்துக்கொள்ளும்.

கையெழுத்துப் போட்டாள். மீந்த மூன்று பாட்டில்களைக் கனமான பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து மூடி, முப்பத்தைந்து டிகிரிச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரின் அடித்தட்டில் தள்ளினாள். தொட்டியின்மேல் தேதியும் தன் பெயரையும் எழுதினாள்.

அறிக்கை போன மூன்றாம் நாள் ஒரு பெண் போன் செய்தாள். கம்பெனியின் புதிய தரக்கட்டுப்பாட்டு அலுவலர், பெயர் சுப்ரியா. குரல் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"மேடம், ரிப்போர்ட் கெடச்சுது, தேங்க்ஸ். ஒரு டவுட். இத வெச்சு ஆறு மாசம்னு லேபிள்ல போடலாமா மேடம்?"

டோரதி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். "நீங்க கேட்ட டெஸ்டுக்கு ரிசல்ட் குடுத்திருக்கோம். கேக்காததப் பத்தி நாங்க சொல்றதில்ல."

"இல்ல மேடம், எனக்கு மனசு ஒப்பல. உப்பு ரொம்பக் கம்மியா இருக்கு. வாட்டர் ஆக்டிவிட்டி பாக்கலாமான்னு நாகேஷ் சார்கிட்ட கேட்டேன். பேடாம்மா, அதெல்லாம் வேணாம்னுட்டாரு."

"அப்ப அவரு சொன்னபடி செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகும் கை போனின் மேலேயே இருந்தது. தான் பேசியது நாகேஷ் பேசுகிற மாதிரியே இருந்தது என்று தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு அடுத்த மாதிரியை எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அய்யாவுவைப் பார்க்க நீலசந்திராவுக்குப் போனாள். அவர் இப்போது ஒரு ஜவுளிக்கடை வாசலில் பைக்குகளை வரிசையாக நிறுத்த வைக்கிற வேலையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இடப்பக்கம் வருகிற வண்டிகளுக்குத் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தன் குரலில் இருந்த உற்சாகத்தை மறைக்கவில்லை. ஏழாயிரம் பாட்டில் தயாரித்து, மே மாதம் கடைகளில் இறக்குவதற்காக அத்திபெலே குடோனில் அடுக்கியிருக்கிறார்கள் என்பது கையெழுத்துக்கு வந்த முழுப் படிவத்திலேயே இருந்தது.

"அதும் தகரக் கூரதான் மேடம்" என்றார் அய்யாவு. "பீன்யாவ விட சூடு. எப்ப வெடிக்கும்?"

"ஏப்ரல் கடைசில."

"வெடிக்கட்டும்." ஒரு ஸ்கூட்டியைப் பின்னால் இழுத்து நேராக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே கைக்குட்டையை உள்ளே விட்டு ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மேடம், வெடிச்சா அவருக்கு இன்னா? பாட்டில் பக்கத்துல நிக்கறது என்னாட்டம் ஒருத்தன். அவனுக்கும் ஒரு கன்னடப் பேப்பர் குடுப்பாங்க. உங்க எடத்துல இருக்கற அந்தப் பொண்ண வெளிய அனுப்புவாங்க. அவரு அதே வெள்ளச் சட்டையோட ஏசி ரூம்ல உக்காந்திருப்பாரு."

டோரதிக்குச் சுருக்கென்றது.

"எனக்கு அவரு கண்ணு வேணாம் மேடம்" என்றார் அய்யாவு. "எவன் கண்ணும் வேணாம். உப்பிப்போன பாட்டிலக் கையில வெச்சுக்கிட்டு அவரு நிக்கணும். எப்ப வெடிக்கும்னு தெரியாம நிக்கணும். அந்த மூஞ்சிய நான் பாக்கணும். அது போதும்."

திங்கட்கிழமை காலையில் அவளே சுப்ரியாவைக் கூப்பிட்டாள். இரக்கத்தால் கூப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் ஒன்றும் தெரியாதவளாக இருந்தால், அவளைக் கதவாகத் திறந்துகொண்டு நாகேஷ் இந்த முறையும் தப்பிவிடுவான். அதுதான் டோரதியை உறுத்தியது.

"சார்கிட்ட கேட்டேன்னு சொன்னியே, எப்டிக் கேட்ட?"

"கேபினுக்குப் போய்க் கேட்டேன் மேடம்."

"எழுதிக் கேட்டியா?"

"இல்ல மேடம். வாயாலதான்."

"நான் உன் நாற்காலில பதினோரு வருஷம் உக்காந்தவ. நானும் வாயாலதான் சொன்னேன். பேப்பர் எடு, சொல்றத எழுது."

மறுமுனையில் ஒரு மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. டோரதி மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். உப்பு இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்திருக்கிறது, வெல்லம் இவ்வளவு, பென்சோயேட் இல்லை. வாட்டர் ஆக்டிவிட்டி புள்ளி தொண்ணூற்று நாலு என்று சோதனைக்கூடம் தெரிவிக்கிறது. இந்தக் கலவையில் ஈஸ்ட் வளர்ந்து வாயு உண்டாகும், கண்ணாடி வெடிக்கும், மூன்று வருடத்துக்கு முன் இதே கம்பெனியில் ஒருவர் கண்ணை இழந்திருக்கிறார். சரக்கை வெளியே விடாமல் நிறுத்த அனுமதி வேண்டும். "அவருக்கு மெயில் போடு. எனக்கு ஒரு காப்பி. பதிலும் மெயில்லயே குடுக்கச் சொல்லு. கூப்ட்டுத் திட்டினா, சரி சார்னு கேட்டுக்க. ஆனா பதில் வர வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. நாகேஷ் கோபத்தில் எழுதியிருந்தான். சோதனைக்கூட அறிக்கை சுத்தமாக இருக்கும்போது புத்தகப் படிப்பை இங்கே காட்ட வேண்டாம், பழைய கதையைக் கிளற வேண்டாம், முடிவு என்னுடையது, சரக்கு திட்டமிட்டபடி போகும். கீழே முழுப்பெயர், பதவி, தேதி. டோரதி அதை அச்செடுத்து நாலைந்து முறை படித்தாள். முடிவு என்னுடையது என்கிற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் இன்குபேட்டர் தொட்டியில் முதல் பாட்டிலின் மூடி மேல்நோக்கிக் குவிந்தது. முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு படம் எடுத்தாள். நாற்பத்து மூன்றாம் நாள் மூன்றும் உப்பிவிட்டன. ஒன்றின் ஓரத்தில் நுரை கசிந்து, புளித்த பழைய ரொட்டி வாசனை வந்தது. படங்கள், எண்கள், அந்தப் பதில், அய்யாவுவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சுப்ரியாவும் அவளும் தனித்தனியாகப் புகார் எழுதினார்கள். கடைக்கு இன்னும் ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அத்திபெலே குடோனைப் பார்க்க வருவதாகவும், பொறுப்பானவர் இருக்க வேண்டும் என்றும் அதிகாரி கம்பெனிக்குத் தகவல் சொன்னார். சுப்ரியா உடனே கூப்பிட்டாள். "மேடம், அதுக்கு முன்னாடியே குடோனக் காலி பண்ணப் போறாரு. காலைல ஏழு மணிக்கு வண்டி சொல்லியிருக்காரு."

"பண்ணட்டும்" என்றாள் டோரதி. "பெட்டியத் தொடச் சொன்னா நீ தொடாத. யாரையும் தொட விடாத."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, அய்யாவுவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். நாகேஷ் வருவதற்கு முன்பே அய்யாவு சுமைதூக்குகிற ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓசூர்ப் பக்கத்து ஆட்கள், எல்லாம் தமிழ்தான். அவர் அதிகம் பேசவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டு கிடந்த இமையைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்.

சுப்ரியா இல்லாமல் நாகேஷ் மட்டும் காரில் வந்து நின்று, பின்னால் டெம்போவும் வந்து, ஷட்டர் மேலே ஏறியபோது உள்ளிருந்து புளித்த வாடை குப்பென்று அடித்தது. அடிவரிசையில் நாலைந்து பெட்டிகள் நனைந்திருந்தன. ஆட்களில் மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"வேற லோடுன்னா ஏத்தறோம் சார். இது வேணாம்."

ரெட்டைக் கூலி என்றான். யாரும் அசையவில்லை. டெம்போ டிரைவர் இறங்கி ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டான். அப்போதுதான் நாகேஷ் திரும்பி டோரதியைப் பார்த்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரையும் தெரிந்தது.

"டோரதி, நீங்களா?" சிரிக்கப் பார்த்தான். "பழசெல்லாம் அப்புறம் பேசலாம். இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க, கையில எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எப்டி சார் சொல்றது? வெறும் வாயாலயா?"

அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். ஏழே முக்கால். சுவரோரம் நின்ற பைக்கின் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்ப்பதைப் பார்த்த சுமைக்காரர், போய் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாகேஷ் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டான். ஒருவரும் தடுக்கவில்லை. உள்ளே போனான்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று டோரதிக்குத் தெரியும். பாட்டில்கள் ஏற்கெனவே சோதனைக்கூடத்தில் இருக்கின்றன, படங்களும் உங்கள் பதிலும் அதிகாரியிடம் போய்விட்டன, இதைக் காலி செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை, தொடாதீர்கள். அவ்வளவுதான். சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவான். நாக்கை ஒருமுறை உதட்டின்மேல் ஓட்டினாள். அய்யாவுவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முழுத்தலையையும் திருப்பி ஷட்டருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பெட்டியை அவன் கொண்டுவந்து டெம்போவில் வைத்தான். இரண்டாவதையும் வைத்தான். மூன்றாவதைக் கைகளை முன்னே நீட்டி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவிக் கொண்டுவந்தான். பாதி தூரம் வந்தபோது அவனுக்குப் பின்னால், உள்ளே எங்கோ இருட்டில், டப் என்று ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து கண்ணாடித் துண்டுகள் சிமென்ட் தரையில் சிதறின. டோரதி தன்னையறியாமல் கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். எடுத்துப் பார்த்தபோது நாகேஷ் வாசலில் அப்படியே நின்றிருந்தான். பாதி உடம்பில் வெயில் விழுந்திருந்தது. அவன் பிடித்திருந்த பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சீறல் ஒன்று வந்துகொண்டிருந்தது. பெட்டியின் அடியிலிருந்து செம்பழுப்பாக எண்ணெய் கசிந்து, முழங்கை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டையில் ஊறியது. கீழே வைக்கக் குனிந்தான். குனிந்தால் முகம் பெட்டிக்குப் பக்கத்தில் போகிறது என்று தெரிந்ததும் மறுபடி நிமிர்ந்தான். பெட்டிக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று ஒலித்தன. அய்யாவு நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டடி முன்னால் போய், வலது கண்ணுக்கு நேராக அவன் முகம் வருகிற மாதிரி நின்றுகொண்டார்.